மண்டூரால வரக்குள்ள கல்லுல ஏறி ரயர் கிழிஞ்சது: நெல் காயப்போட்டு எடுக்காம விட்ட கல்லு

மண்டூர் மருமகன் | திங்கள், காலை 6.40

நேற்று ராத்திரி நடந்தது. இன்னும் நெஞ்சு படபடப்பு அடங்கல்ல, அதனால எழுதுறன்.

மாமிக்குக் கண் ஒப்பரேசன் முடிஞ்சு பத்து நாள். பார்த்துட்டு வருவம் எண்டு ஞாயிறு விடிய மட்டக்களப்பால வெளிக்கிட்டு மண்டூர் போனம். நான், மனிசி, ரெண்டு பிள்ளைகள் (ஒன்பது வயது, நாலு வயது). பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பிறது எண்டுதான் கதை. மாமி விடுவாவா? ஒரு கண்ணுல பச்சைத் துணி கட்டிக்கொண்டு அடுப்படிக்க நிண்டு, "சாப்பிடாமப் போனா எனக்கு மனசு கேக்காது" எண்டா. மாமா டிக்கிக்குள்ள புது அரிசி ஒரு மூடை, தயிர்ச் சட்டி ரெண்டு, முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் ஏத்தினார். வெளிக்கிடக்குள்ள ஏழேகால்.

வெள்ளாவெளி தாண்டி ரெண்டு பக்கமும் வயல் வட்டை. பாதிக்கு மேல வெட்டி முடிஞ்சு, வைக்கோல் மணம். பட்டிருப்புப் பாலத்துக்கு இன்னும் தூரம் கிடந்தது. எதிரால ஒரு உழவு மெசின், லைட்ட உசத்திப் போட்டபடி வந்தது. கண் கூசிற்று. நான் இடது கரையா ஒதுக்கினன். அடுத்த நொடி "டமார்" எண்டு ஒரு சத்தம், ஸ்ரியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் போகுது. வாய்க்காலுக்குள்ள போகாம நிப்பாட்டினது கடவுள் செயல்.

இறங்கி டோர்ச் அடிச்சுப் பார்த்தன். முன் இடது ரயர், பக்கச் சுவர்ல என்ட நடுவிரல் முழுசா உள்ள போற அளவுக்கு வெட்டு. ரிம் ஒரு இடத்தில உள்பக்கமா மடிஞ்சிருக்கு. பின்னால பத்து அடியில அந்தக் கல்லு. உரிச்ச தேங்காய் அளவு இருக்கும். அதுக்கு அங்கால இன்னும் நாலு கல்லு, நூல் பிடிச்ச மாதிரி வரிசையா, காபட் (தார்) ரோட்டுல மூணு அடி உள்ளுக்கு. பக்கத்தில ரோட்டெல்லாம் நெல் மணி சிதறிக் கிடந்தது. பகல் நெல் காயப்போட்டிருக்காங்க, பின்னேரம் நெல்லை அள்ளிட்டுக் கல்லை விட்டுட்டுப் போயிட்டாங்க.

சரி, ரயர் மாத்துவம் எண்டு டிக்கியைத் திறந்து அரிசி மூடையை இறக்கி, தயிர்ச் சட்டியை ரோட்டுக் கரையில வச்சு, அடித் தட்டைத் தூக்கினா ஸ்பெயார் சில்லே இல்ல. ஒரு சின்னக் காத்துப் பம்பும், பசை மாதிரி ஏதோ ஒரு போத்தலும். வாங்கி மூணு வருசம். ஜப்பானால வந்த சின்னக் கார், இரண்டாம் கை. ஒரு நாளும் அந்தத் தட்டைத் தூக்கிப் பார்த்ததில்ல. மனிசி ஒண்டும் சொல்லல்ல. மகள்தான் கேட்டா, "அப்பா, இப்ப நாம திரும்ப அம்மம்மா வீட்டுக்கு நடக்கிறதா?"

தூரத்தில யானை வெடி ஒண்டு கேட்டுது. அப்பதான் எனக்குப் பயம் பிடிச்சது.

ஒரு பத்து நிமிசத்தில வட்டைக்குள்ளால ஒரு பொடியன் சைக்கிள்ள வந்தான். நெல்லுக்குக் காவல் இருந்தவனாம். வந்ததும் அவன் சொன்ன முதல் சொல், "அண்ணன், ஹெட்லைட்ட நூருங்க, ஹசாட் லைட் மட்டும் போதும். பிள்ளைகள உள்ள வச்சுக் கதவச் சாத்துங்க. மேற்கால ரெண்டு நிக்குது." அதுக்குப் பிறகு என்னோட கதைக்காம அந்த அஞ்சு கல்லையும் ஒவ்வொண்டாத் தூக்கி வாய்க்கால் கட்டில வச்சான். "எங்கட கல்லு இல்ல அண்ணன், ஆனா இன்னொராள் வந்து அடிபடக் கூடாது" எண்டான்.

பிறகு களுவாஞ்சிக்குடிப் பக்கம் போன ஒரு வான் மனிசியையும் பிள்ளைகளையும் ஏத்திக்கொண்டு போச்சு, அங்க எங்கட சொந்தக்காரர் வீட்டுல விட. பொடியன் போன் எடுத்துப் பழுகாமத்தில கூட்டாளி ஒருவனைப் பிடிச்சான். அவனிட்ட என்ட காரைப் போலவே ஒண்டு. தனியா வாங்கி வச்சிருந்த ஸ்பெயார் சில்லை மோட்டார் சைக்கிளில மடியில வச்சுக்கொண்டு வந்தான். ஜக்கும் அவன்தான். பூட்டி முடிக்கக்குள்ள பத்தரை. காசு குடுத்தா ரெண்டு பேரும் கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிக்கிறாங்க. கடைசியில ஒரு தயிர்ச் சட்டியை வற்புறுத்திக் குடுத்தன்.

இப்ப ரெண்டு கேள்வி. கிழிஞ்ச ரயரை ஒட்டலாமா, ரிம்மை நிமித்தலாமா? மற்றது, இந்தக் கல்லுப் பிரச்சினையை ஆரிட்டச் சொல்லுறது? எனக்கு ஒருவரையும் மாட்டிவிட ஆசையில்ல. ஆனா இதே இடத்தில ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நினைச்சு ராத்திரி நித்திரை இல்ல.

---

எழுவான் சூரியன் | திங்கள், காலை 7.05

பிள்ளைகளுக்கு ஒண்டும் இல்லையே, அது போதும் தம்பி. அந்தப் பொடியன் நல்லா இருக்கணும்.

---

கராஜ்காரன் | திங்கள், காலை 8.20

தம்பி, ரயரைப் பற்றி முதல்ல சொல்லுறன்.

பக்கச் சுவர் வெட்டு ஒட்டுற காயம் இல்ல. ரயர்ல நிலத்தில படுற பாகத்துக்குள்ள கம்பி வலை இருக்கும். அங்க ஆணி ஏறினா உள்ளுக்கால ஒட்டு வச்சு ஓடலாம். பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடிஞ்சு மடிஞ்சு நிமிரும், அதில ஒட்டு நிக்காது. யாராவது "ஒட்டித் தாறன், ஓடும்" எண்டு சொன்னா வீட்டுக்கு வந்துடுங்க. அந்தப் போத்தல் பசையும் அப்படித்தான். ஆணி ஓட்டைக்கு மட்டும் சரி, விரல் போற வெட்டுக்கு ஒண்டும் செய்யாது. அதுக்கும் காலாவதித் திகதி இருக்கு, போத்தல்ல பாருங்க.

ஜப்பான்ல அந்த ஊர்ப் பாவனைக்கெண்டு செய்த சின்னக் கார்கள் பலதிலயும் ஸ்பெயார் சில்லு வாறதில்ல. பாரமும் குறையும், இடமும் மிஞ்சும் எண்டு பம்பும் பசையும் வச்சு அனுப்பிறாங்க. அங்க ஒரு போனைப் போட்டா உதவி வந்துடும். இங்க வெள்ளாவெளி வட்டைக்குள்ள ராத்திரி எட்டு மணிக்கு ஆர் வாறது? அதனால இங்க ஓடுறவங்க ஒரு சில்லு தேடி வச்சிருக்கிறதுதான் புத்தி. வாங்கக்குள்ள நாலு நட் எண்டதை மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க. நட் ஓட்டைகளுக்கு எதிர் எதிர் தூரம் 100 மில்லிமீற்றர் எண்டு ஒண்டு இருக்கு, 114.3 எண்டு இன்னொண்டு இருக்கு. கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான். ஏறாது. நடு ஓட்டையும் பொருந்தணும். கடையிலேயே ஒருதரம் பூட்டிப் பார்த்து எடுங்க.

பழைய ரயர் எண்டா பக்கத்தில ஒரு வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319 எண்டு இருந்தா 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. ஓடாமக் கிடந்தாலும் றப்பர் காயும். நிலத்தில படுற பூ (பட்டன்) நல்லா இருக்கு எண்டு ஏமாறாதீங்க.

ரிம் இரும்பா அலோயா? இரும்பெண்டா நிமித்தலாம். அலோய் எண்டா நான் நிமித்தச் சொல்லமாட்டன். நிமிந்த இடத்தில மயிரிழை வெடிப்பு இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது, காத்துக் கசியலாம், பிறகு ஒரு நாள் உடையலாம்.

இன்னொண்டு, ரயரைப் பார்த்துட்டு விட்டுடாதீங்க. கல்லு அடியில பட்டிருந்தா ஒயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தட்டு) வெடிச்சிருக்கலாம். இண்டைக்கு விடிய கார் நிண்ட இடத்தில நிலத்தைப் பாருங்க, ஒரு கடதாசியை விரிச்சு விடுங்க. சொட்டு விழுந்திருந்தா எஞ்சினை எடுக்காதீங்க. ஓட்டத்தில சிவப்பு ஒயில் லைட் எரிஞ்சா "கராஜ் மட்டும் போவம்" எண்டு ஒருதரும் நினைக்க வேணாம். அந்த இடத்திலயே எஞ்சினை நூருங்க. ராத்திரி பூட்டின நட்டையும் குறுக்குக் குறுக்கா இன்னொருக்கா இறுக்குங்க. இருட்டில பூட்டினது இறுகியிருக்காது.

---

நேர்கோடு | திங்கள், காலை 9.10

என்னத்துக்கு மாட்டிவிட ஆசையில்ல? ரோட்டு ஆருட அப்பன் வீட்டுச் சொத்து? வரிப்பணத்தில போட்ட காபட். அதில நெல்லைக் கொட்டிக் கல்லை அடுக்கினா அது குற்றம். பொலிசுக்கு ஒரு முறைப்பாடு, படம் எடுத்து அனுப்புங்க. நாலு பேருக்குத் தண்டம் அடிச்சா அஞ்சாவது ஆள் கல்லு வைக்கமாட்டான். வருசா வருசம் மாசி பங்குனி வந்தா இதே கூத்து.

---

வட்டைவிதானை மகன் | திங்கள், பகல் 12.35

நான் போரதீவுப் பற்று விவசாயி. நேர்கோடு தம்பிக்கு மறுமொழி எழுதாம இருக்க மனசு கேக்கல்ல.

கல்லை விட்டுட்டுப் போனது பிழை. அதுல எனக்கு ரெண்டாம் பேச்சில்ல. அந்த மருமகனிட்ட மன்னிப்புக் கேக்கிறன், என்ட கல்லு இல்லாட்டியும்.

ஆனா ஏன் ரோட்டுக்கு வாறம் எண்டும் கேளுங்க. முந்தி கத்தியால வெட்டி, கதிர் வட்டைக்குள்ள ரெண்டு மூணு நாள் காய்ஞ்சு, சூடு (கதிர்க் குவியல்) வச்சு, களவெட்டியில அடிச்சுத் தூத்தினம். நெல் காய்ஞ்சுதான் வீட்டுக்கு வந்தது. இப்ப வெட்டு மெசின் ஒரு பக்கத்தால வேளாண்மையை விழுங்கி மற்றப் பக்கத்தால நெல்லைத் துப்புது. ஒரு ஏக்கர் வெட்ட ஒரு மணித்தியாலம். நெல்லு ஈரமா, கையில அள்ளினா சில்லெண்டு இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்கிறது 14 வீத ஈரப்பதனுக்கு. மெசின்ல வாற நெல்லு இருபதுக்கு மேல நிக்கும். அந்த ஈரத்தோட மூடையில ரெண்டு நாள் வச்சா உள்ளுக்குள்ள சூடேறி மணம் மாறிடும். அதைத் தெரிஞ்சுதான் வியாபாரி வட்டைக் கரையில லொறியோட நிக்கிறான். "ஈரம் விதானையார், இந்த விலைதான்" எண்டு அவன் சொல்லுறதுதான் விலை.

கணக்கும் பாருங்க. இருபது வீதத்தில ஆயிரம் கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவச்சா மிஞ்சிறது 930 கிலோ. எழுபது கிலோ தண்ணி போகுது. அந்த எழுபது கிலோவை வெயிலுக்குக் குடுக்க எங்களிட்ட இடம் எங்க இருக்கு? களவெட்டி எல்லாம் வீட்டு வளவாயிட்டு. சீமெந்துக் களம் எங்கட வட்டைக்கு ஒண்டு கூட இல்ல. பள்ளிக்கூட விளையாட்டிடம் பிள்ளைகளுக்கு வேணும். கோயில் வீதியில திருவிழா இல்லாத நாளில கொஞ்சப் பேர் போடுறம். மிச்சம் ஆருக்கும் ரோட்டுத்தான். கறுப்பு ரோட்டு சூட்டைப் பிடிக்கும், படங்கு விரிச்சுப் போட்டா ஒரு நாள்ல காஞ்சிடும். பங்குனி மழை எப்ப வரும் எண்டு தெரியாது, வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் துழாவுறம்.

கல்லு ஏன் எண்டா, வாகனக்காரர் கல்லைக் கண்டாத்தான் ஒதுங்குறாங்க. படங்குக்கு மேலால ஏத்தி நெல்லை நசிச்சுட்டுப் போனா ஆருட்டக் கேக்கிறது?

---

படுவான்கரைப் பிள்ளை | திங்கள், பின்னேரம் 4.50

ஐயா சொல்லுறது எல்லாம் உண்மை. எங்கட அப்பாவும் விவசாயிதான். ஆனா நான் மற்றப் பக்கத்தையும் சொல்லோணும்.

போன வருசம் மாசி மாசம் அக்கா என்னைப் பின்னால ஏத்திக்கொண்டு ஸ்கூட்டியில பெரியம்மா வீட்டால வந்தா. பகல், நல்ல வெளிச்சம். கல்லு கூட இல்ல. அள்ளி முடிச்ச இடத்தில மிஞ்சிக் கிடந்த நெல்லுத்தான். எதிரால பஸ் வர அக்கா கரைக்கு எடுத்தா, பிரேக்கைப் பிடிச்சா. சில்லுக்குக் கீழ நெல்லு உருண்டது. ரோட்டுல சவர்க்காரம் தேச்ச மாதிரி ஸ்கூட்டி சறுக்கிப் போச்சு. நான் புல்லுக்க விழுந்தன். அக்கா கையை ஊண்டி விழுந்தா, மணிக்கட்டு முறிஞ்சது. 1990 எண்ட அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் எடுத்தம், வந்து ஏத்தினாங்க, அந்தப் பிள்ளைகள் வழி முழுக்க அக்காவோட கதைச்சுக்கொண்டே வந்தாங்க. காசு ஒண்டும் இல்ல. ஆறு கிழமை மாவுக்கட்டு. அக்கா தையல்காரி. ஆறு கிழமை தைக்கேலாது எண்டா எங்கட வீட்டுல என்ன நடந்திருக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல.

நெல் அள்ளினவங்க ஓடிவந்துதான் தூக்கினாங்க. ஒரு அம்மா அழுதா. அவங்களில கோபம் வரல்ல எனக்கு. ஆனா அள்ளின பிறகு ஒரு தும்புத்தடியால கூட்டிவிட அஞ்சு நிமிசம் போதும். அந்த அஞ்சு நிமிசத்தைத்தான் கேக்கிறன்.

---

நேர்கோடு | திங்கள், பின்னேரம் 5.30

தங்கச்சி சொன்னதைத்தான் நானும் சொல்லுறன். கோபத்தில எழுதிட்டன், விவசாயி ஐயா குறை நினைக்க வேணாம். என்ட சித்தப்பா இப்படி ஒரு ராத்திரி லைட் இல்லாத உழவு மெசின் பெட்டியில அடிபட்டவர். இண்டைக்கும் ஊண்டுகோல்தான். ஒவ்வொருக்கா வாசிக்கக்குள்ளயும் அதுதான் முன்னுக்கு வருது.

---

ஒளிப்பொட்டு | திங்கள், இரவு 7.15

மருமகன் அண்ணன் என்ன வேகத்தில வந்தீங்க? குறை சொல்லக் கேக்கல்ல. நான் சாரதிப் பயிற்சி குடுக்கிறவன், பிள்ளைகளுக்குச் சொல்லுற கணக்கு ஒண்டு இருக்கு.

மணிக்கு 50 கிலோமீற்றர் எண்டா ஒரு செக்கனுக்கு 14 மீற்றர். கண் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒண்டரைச் செக்கன், அதிலயே 21 மீற்றர் போயிடும். காய்ஞ்ச ரோட்டுல பிரேக் பிடிச்சு நிக்க இன்னும் 14. மொத்தம் 35 மீற்றர். தணிச்ச லைட் நல்லாக் காட்டுறதே நாற்பது மீற்றர் வரைக்கும்தான். அதுவும் வெள்ளைச் சுவர் மாதிரிப் பெரிய பொருளை. முழங்காலுக்குக் கீழ கிடக்கிற மண் நிறக் கல்லு அவ்வளவு தூரத்தில தெரியாது. எதிர் வெளிச்சம் கண்ணுல அடிச்ச பிறகு கண் பழைய நிலைக்கு வரவும் சில செக்கன் எடுக்கும். அந்த நேரத்தில நாம குருடர்தான். கண் கூசினா கரைக்கு ஒதுக்கிறதை விட முதல்ல வேகத்தைக் குறைக்கோணும். கரையில என்ன கிடக்கு எண்டு தெரியாமத்தான் ஒதுக்கிறம்.

---

மண்டூர் மருமகன் | திங்கள், இரவு 9.25

எல்லாருக்கும் நன்றி. ஒளிப்பொட்டுத் தம்பி, ஐம்பதுக்குக் கொஞ்சம் கூடத்தான். பிள்ளைகளுக்கு நித்திரை, கெதியாப் போவம் எண்ட நினைப்பு. நீங்க சொன்னது சரி, நான் குறைக்காம ஒதுக்கினன்.

கராஜ்காரர் அண்ணன் சொன்னபடி கடதாசி விரிச்சன், சொட்டு இல்ல. நட்டை இறுக்கினன், ஒரு நட் அரைச் சுத்துப் போச்சு. ரிம் இரும்புதான். போத்தல்ல திகதி முடிஞ்சு ரெண்டு வருசம்.

இன்னொரு விசயம் எழுதோணும். விடியவே மாமாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னன். எந்த இடம் எண்டு கேட்டார். மதகு, அதுக்குப் பக்கத்தில வம்மி மரம் எண்டன். கன நேரம் சத்தமில்ல. கோல் கட்டாயிட்டாக்கும் எண்டு நினைச்சன்.

"தம்பி, அந்த வரிசை நம்மட. வெள்ளிக்கிழமை காயப்போட்டது. மழை மூட்டமா வந்துது, நானும் கூலிக்கு வந்த பொடியனும் அள்ளிக் கட்டிக்கொண்டு ஓடியாந்துட்டம். கல்லை நினைக்கல்ல."

நீங்க ஏத்திவிட்ட அரிசியும் அந்த நெல்லுத்தானா மாமா எண்டு கேக்க வாய் வந்துது. கேக்கல்ல. அது அந்த நெல்லுத்தான், எனக்குத் தெரியும். எழுபது வயது மனிசன் போன்ல விம்முறார். "பிள்ளைகள் பின்னுக்கு இருந்ததா? சின்னவன் எந்தப் பக்கம் இருந்தான்?" எண்டு திரும்பத் திரும்பக் கேக்கிறார். சின்னவன் இருந்தது இடது பக்கம். வலது பக்கம் எண்டு சொன்னன்.

மனிசிக்கு இன்னும் சொல்லல்ல. பொலிசுக்கும் போகல்ல. எனக்கு இப்ப ஆரைக் குறை சொல்லுறது எண்டு தெரியாது. அடுத்த ஞாயிறு மாமாவிட இன்னும் ரெண்டு ஏக்கர் வெட்டு இருக்கு. அந்த நெல்லும் ரோட்டுக்குத்தான் வரும். நான் போய்க் கூட நிக்கப் போறன். கல்லு இல்லாம எப்படிச் செய்யிறது எண்டு அனுபவக்காரர் சொல்லுங்க.

---

சம்மாந்துறை காக்கா | திங்கள், இரவு 10.40

மருமகனார், வாசிச்சு முடிய கண் கலங்கிட்டு. உங்கட மாமாவைத் தனிய விடாதீங்க. எங்கட வாப்பாவும் அப்படித்தான், தன்னால ஒரு பிள்ளைக்குக் கீறல் எண்டாலும் மாசக் கணக்கில சோறு இறங்காது.

எங்கட பக்கமும் வெட்டுக் காலத்தில இதே நிலைமை. நாங்க செய்யிற ஒண்ட சொல்லுறன். உரப்பையில பாதிக்குச் சப்பியும் (பதர் நெல்லு) மிச்சத்துக்கு மண்ணும் போட்டுக் கட்டி, கல்லுக்குப் பதிலா வைக்கிறம். ஏறினாலும் ரயர் கிழியாது, மோட்டார் சைக்கிளும் அவ்வளவாத் தூக்கி அடிக்காது. தனிச் சப்பி எண்டா காத்துக்கு உருண்டுடும், தனி மண் எண்டா கல்லு மாதிரி இறுகிடும். வாகனம் வாற பக்கத்தில, நெல் தொடங்கிறதுக்கு இருபது முப்பது அடி முன்னுக்கு, ரெண்டு கம்புல வெள்ளைத் துணி கட்டி ரோட்டுக் கரை மண்ணுல நட்டுவிடுறம். சாரதி தூரத்திலயே கண்டுடுவான்.

ரெண்டு கரையிலயும் ஒரே இடத்தில போடவே கூடாது. ஒரு கரை மட்டும். வளைவுல, மதகுல, பாலத்தடியில வேணாம்.

---

வட்டைவிதானை மகன் | செவ்வாய், காலை 6.15

காக்கா சொன்ன பை யோசனை நல்லம். எனக்கு ஒரு சந்தேகம்: பையைக் கண்டா வாகனக்காரன் பயப்பிடுவானா? போன வருசம் வைக்கோல் கட்டு வச்சுப் பார்த்தன், ஒரு லொறி ஏத்திட்டுப் போச்சு, ரெண்டு மூடை நெல் நாசம்.

---

சம்மாந்துறை காக்கா | செவ்வாய், காலை 6.50

ஏத்திறவன் ஏத்துவான் விதானையார். கல்லு வச்ச இடத்திலயும் ஏத்தினவங்க இருக்காங்க. ரெண்டு மூடை நெல் போனா அடுத்த போகத்தில எடுக்கலாம். அவ்வளவுதான் நான் சொல்லுவன்.

---

முளைப்பாரி | செவ்வாய், காலை 10.05

விவசாயத் துறையில வேலை செய்யிறன். சின்னதா ஒரு விசயம். காபட் ரோட்டுல நெல் கெதியாக் காயுது எண்டு சந்தோசப்படாதீங்க. மேலால கடகடவெண்டு காய்ஞ்சு உள்ளுக்கு ஈரம் நிண்டா அரிசிக்குள்ள வெடிப்பு விழும், ஆலையில குத்தக்குள்ள குறுணலாப் போகும். ரெண்டு மூணு சென்ரிமீற்றர் மொத்தத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒருக்காத் துழாவுங்க. உச்சி வெயிலுக்குக் குவிச்சு மூடிவிட்டு, வெயில் தாழத் திரும்ப விரிங்க. விதை நெல்லை ரோட்டுக்குக் கொண்டு போகவே வேணாம். 43 பாகை செல்சியசுக்கு மேல சூடேறினா முளைதிறன் குறையும், பகல் ரோட்டு அதைத் தாண்டிடும். அதை வீட்டு வளவுல படங்கு விரிச்சே காயவைங்க.

களத்துக்கு விவசாய அமைப்பு மூலமா, எல்லாரும் கையெழுத்து வச்சு, கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில குடுங்க. வாயால கேட்டது பதிவில நிக்காது.

---

மண்டூர் மருமகன் | அடுத்த திங்கள், இரவு 8.10

நேற்றுப் போனம். மனிசிக்கு வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் சொன்னன். அவ ஒண்டும் பேசாம எழும்பிப் போய் அப்பாவுக்குப் போன் எடுத்தா. அரை மணித்தியாலம் கதைச்சா. என்ன கதைச்சாங்க எண்டு நான் கேக்கல்ல.

விடிய ஆறு மணிக்கு மாமா முற்றத்தில உரப்பை பத்து வரிசையா வச்சு நிரப்பிக்கொண்டிருந்தார். சப்பியும் மண்ணும், காக்கா சொன்ன அளவுதான். ஆனா பத்துப் பை காணாது, இடம் நீளம். படங்கு காத்துக்குத் தூக்காம இருக்க மூலைக்கும் இடைக்கும் கல்லு வேணும் எண்டு மாமா பிடிவாதம். சரி, கல்லு வைப்பம், ஆனா படங்குக்கு மேல மட்டும், ரோட்டுல இல்ல எண்டன். யோசிச்சார். பிறகு அடுப்படிப் பக்கம் போய்ச் சுண்ணாம்பு வாளியோட வந்தார். பதினாலு கல்லையும் வெள்ளை அடிச்சார். காய்ஞ்ச பிறகு மகளைக் கூப்பிட்டுக் கரிக்கட்டியைக் குடுத்து, "ஒண்டில இருந்து பதினாலு வரைக்கும் எழுது புள்ள" எண்டார். மகள் ஒவ்வொரு கல்லுலயும் நாக்கைக் கடிச்சுக்கொண்டு எழுதினா. எட்டு மட்டும் சாய்ஞ்சு போச்சு.

மதகடியை விட்டு இருநூறு அடி தள்ளி, நேர் ரோட்டுல, ஒரு கரையில விரிச்சம். ரெண்டு பக்கமும் கம்புல மாமாவிட பழைய வேட்டிக் கிழிசல். பகல் முழுக்க நான் துழாவினன். தோள் இண்டைக்கும் நோகுது. வாகனங்கள் ஒதுங்கித்தான் போச்சு. ஒரே ஒரு வான் ஒரு பையில ஏறிச்சு, பை பிரிஞ்சு சப்பி சிந்தினதோட சரி.

நாலரைக்கு அள்ளத் தொடங்கி அஞ்சேமுக்காலுக்கு முடிஞ்சது. மனிசி தும்புத்தடியால கூட்டினா, கூட்டின நெல்லே அரைச் சாக்கு வந்துது. மாமா கல்லை எண்ணினார். பதின்மூணு. திரும்ப எண்ணினார். ஒன்பதைக் காணல்ல.

நான் சொன்னன், மாமா இருட்டுது, யானை வாற நேரம், ரோட்டுல இல்ல எண்டாப் போதும். அவர் கேக்கல்ல. டோர்ச்சை எடுத்துக்கொண்டு ரோட்டுக் கரையால ஒரு பக்கம் அவர், மற்றப் பக்கம் நான். வெடி கொளுத்தத் தயாரா அந்தக் காவல் பொடியனும் வந்து நிண்டான். சில்லைத் திருப்பிக் குடுக்க அவனைத்தான் தேடினன், அவனாவே வந்துட்டான். கால் மணித்தியாலம் தேடினம். வாய்க்கால் பக்கப் புல்லுக்க வெள்ளையா ஒண்டு தெரிஞ்சுது. படங்கு மடிக்கக்குள்ள உருண்டிருக்கு. மாமா குனிஞ்சு எடுத்து, மடியில துடைச்சு, இலக்கத்தைப் பார்த்துட்டு மெசின் பெட்டிக்குள்ள வச்சார்.

அதுக்குப் பிறகுதான் வீட்டுக்கு வெளிக்கிட்டம்.

---

வட்டைவிதானை மகன் | அடுத்த திங்கள், இரவு 9.00

எங்கட பக்கம் புதன்கிழமை காயப்போடுறம். சுண்ணாம்பு கல்லுல பிடிச்சு நிண்டுதா? ஈரத்துக்கு உரியல்லையா?

---

மண்டூர் மருமகன் | அடுத்த திங்கள், இரவு 9.20

முதல் பூச்சு உரிஞ்சது ஐயா. கல்லை நல்லாக் கழுவி மண் போக்கிட்டு, சுண்ணாம்புக்குள்ள கொஞ்சம் உப்புக் கரைச்சு ரெண்டாம் பூச்சு அடிச்சார். அது நிண்டுது. ஒரு வாளி தாராளம்.